தெளிந்த நீர் நோயற்ற நீர் ஆகுமா? உப்புவெளி விடுதிகளின் கழிவுநீரும் அயல் கிணறுகளும்

உப்புவெளி வாசி எழுதியது:

திருகோணமலையின் உப்புவெளியில், எங்கள் ஒழுங்கையின் மேட்டுப் பக்கத்தில் இருக்கும் விருந்தினர் விடுதி ஒன்று தன் அறைகளை இருபதாகப் பெருக்கவிருக்கிறது. இதுவரை அங்கே ஒரு செப்டிக் தாங்கியும் ஓர் உறிஞ்சு குழியும் மட்டுமே இருந்தன. இப்போது காற்றூட்டி இயக்கும் சுத்திகரிப்பு அலகு ஒன்றைப் பொருத்தி, அதிலிருந்து வரும் நீரில் ஒரு பகுதியைத் தோட்டத்துக்கும், எஞ்சியதை அதே உறிஞ்சு குழிக்கும் விடப்போவதாகச் சொல்கிறார்கள். அலகை விற்பவர் அயலவர்களை அழைத்து, வேறோர் இடத்தில் இயங்கும் அதே வகை அலகின் நீரைப் போத்தலில் கொண்டுவந்து காட்டினார். நீர் உண்மையிலேயே தெளிவாக இருந்தது, மணமும் இல்லை. விடுதிக்காரரும் நல்ல மனிதர். மறைத்துச் செய்பவர் அல்லர்.

ஆனால் எங்கள் நிலம் மணல். மாரியில் நீர்மட்டம் எழும்போது கிணற்றில் கயிறு விடாமலே வாளியைக் கையால் முக்கி அள்ளிவிடலாம். குழாய்நீர் வந்துவிட்டாலும் குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாவற்றுக்கும் கிணறுதான். சில வீடுகளில் குடிப்பதும் அதுதான். நீர் தெளிந்துவிட்டால் நோய்க்கிருமிகளும் போய்விட்டன என்று கொள்ளலாமா? இல்லையென்றால், அந்த அலகில் இன்னும் என்ன சேர்க்கும்படி நாங்கள் கேட்க வேண்டும்? இத்துறையை அறிந்தவர்கள் விளக்கினால் ஒழுங்கையில் உள்ள எல்லாருக்கும் உதவியாக இருக்கும்.

ஓய்வுற்ற பொறியியலாளர் எழுதியது:

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் நெடுங்காலம் பணிபுரிந்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். உங்கள் முதற் கேள்விக்குப் பதில்: கொள்ளக்கூடாது. தெளிவு வேறு, கிருமி நீக்கம் வேறு. காற்றூட்டும் அலகு முதலாவதற்காக வடிவமைக்கப்பட்டது. இரண்டாவது அதன் பக்கவிளைவாக ஓரளவு கிடைப்பது மட்டுமே.

வீட்டுக் கழிவுநீரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே திண்மம் இருக்கிறது, மற்றதெல்லாம் நீர். அந்தச் சிறு பங்கில் இருக்கும் சேதனப் பொருள் நீர்நிலையில் சேர்ந்தால், அதை உண்ணும் பற்றீரியாக்கள் நீரில் கரைந்துள்ள ஒட்சிசனை இழுத்துக்கொள்ளும். மீன் மூச்சுமுட்டிச் சாகும். எவ்வளவு ஒட்சிசன் இழுக்கப்படும் என்பதை 20 பாகை செல்சியசில் ஐந்து நாள் வைத்து அளப்பதுதான் உயிரியல் ஒட்சிசன் தேவை, சுருக்கமாக பீ.ஓ.டீ. வீட்டுக் கழிவுநீரில் இது லீற்றருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும். 2008 ஆம் ஆண்டு வெளிவந்த வர்த்தமானியின்படி, உள்நாட்டு நீர்நிலைகளுக்கு விடும் நீரில் இது 30க்கு மேற்படக் கூடாது. தொங்கும் திண்மம் 50ஐத் தாண்டக் கூடாது.

காற்றூட்டும் தாங்கியில் நடப்பது, ஆற்றில் நாட்கணக்கில் நடக்கக்கூடிய அதே உண்ணுதலைச் சில மணிநேரத்துக்குள் நடத்திவிடுவதே. பற்றீரியாக்கள் உண்ட சேதனப் பொருளில் ஒரு பகுதியைக் காபனீரொட்சைட்டாக வெளியேற்றுகின்றன. மறு பகுதியைத் தம் உடலாக்கிப் பெருகுகின்றன. பெருகியவை பசைத்தன்மையால் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாகி, அடுத்த தாங்கியில் காற்றில்லாதபோது அடியில் படிகின்றன. மேலே தெளிந்த நீர் வழிகிறது. படிந்த சேற்றில் பெரும்பங்கு மீண்டும் காற்றூட்டும் தாங்கிக்கே திருப்பி அனுப்பப்படுகிறது. இந்தத் திருப்பி அனுப்புதல்தான் முறையின் உயிர். 1914 இல் மான்செஸ்டரில் ஆர்டன், லொக்கெட் என்ற ஆய்வாளர்கள் செய்து காட்டியது இதைத்தான்: ஒரே கழிவுநீரைக் காற்றூட்டிக்கொண்டே இருந்தபோது அது முழுமையாக ஒட்சியேற்றப்பட ஐந்து வாரம் பிடித்தது, அடியில் படிந்ததைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு, அதன் மேலேயே புதுக் கழிவுநீரை ஊற்றிப் பலமுறை இதைத் திருப்பிச் செய்தபோது, ஒரே நாளில் முடிந்தது.

இனிக் கிருமிகளுக்கு வருவோம். பதப்படுத்தாத கழிவுநீரின் 100 மில்லிலீற்றரில் மலம் கலந்ததற்கு அடையாளமான மலக் கோலிபோம் பற்றீரியாக்கள் ஏறக்குறைய ஒரு கோடி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது வழக்கமான அளவே. நன்றாக இயங்கும் காற்றூட்டு முறை இவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறு முதல் தொண்ணூற்றொன்பது வரை நீக்கும். தொண்ணூற்றொன்பது வீதம் என்று விளம்பரத் தாளில் அச்சிட்டிருந்தால் யாருக்கும் மனநிறைவு வந்துவிடும். ஆனால் ஒரு கோடியில் தொண்ணூற்றொன்பது வீதம் போனால் எஞ்சுவது ஓர் இலட்சம். பச்சையாக உண்ணும் பயிருக்குப் பாய்ச்சும் நீருக்கே உலக சுகாதார நிறுவனம் 1989 இல் வகுத்த வரம்பு 100 மில்லிலீற்றருக்கு ஆயிரம். குடிநீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஆகவே உங்களுக்குப் போத்தலில் காட்டிய தெளிந்த நீரில் இலட்சக்கணக்கில் மலப் பற்றீரியாக்கள் இருந்திருக்கக்கூடும். அவை கண்ணுக்குத் தெரிவன அல்ல. அலகு பழுது என்பது இதன் பொருளன்று. தன் வேலையைச் சரியாகச் செய்யும் அலகைப் பற்றியே சொல்கிறேன்.

நிலாவெளி மாணவி எழுதியது:

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அந்தத் தொண்ணூறு, தொண்ணூற்றொன்பது வீதம் எப்படி நீங்குகிறது என்று அறிந்தால், அது எப்போது நீங்காமற் போகும் என்பதும் விளங்கும்.

காற்றூட்டும் தாங்கியின் சேற்றில் ஒரு துளியை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தால், பழுப்பு நிறத் திரள்களின் ஓரங்களில் மணி வடிவான உயிரிகள் காம்பில் நின்று அசைவதைக் காணலாம். வோர்ட்டிசெல்லா என்பது அவற்றின் பெயர். மணியின் விளிம்பிலுள்ள மயிரிழைகள் சுழன்று நீரை உள்ளே இழுக்கும். அந்த நீரில் தனியாக மிதந்து திரியும் பற்றீரியாக்கள் இரையாகும். கண்ணாடித் தகட்டை இலேசாகத் தட்டினால் காம்பு சட்டெனச் சுருங்கி மீண்டும் மெல்ல நிமிரும். திரளில் ஒட்டிக்கொள்ளாமல் தப்பிய பற்றீரியாக்களைக் குறைப்பதும் நீரைத் தெளிவாக்குவதும் பெருமளவு இவைதாம். நோய்ப் பற்றீரியாக்களும் மலக் கோலிபோம்களும் திரளில் ஒட்டிப் படிவதாலோ இவற்றுக்கு இரையாவதாலோதான் குறைகின்றன. விடுதியின் மலசலகூடங்களைக் கழுவ வெளிற்றும் திரவத்தைத் தாராளமாக ஊற்றினாலும், காற்று நின்றுபோனாலும் முதலில் மறைபவை இந்த உயிரிகளே. அவை மறைந்த அலகில் நீர் மங்கலாகும். கிருமி எண்ணிக்கையும் ஏறும்.

வைரசுகளின் நிலை வேறு. ரோட்டா, நோரோ வைரசுகளும் செங்கண்மாரி ஏ நோயைத் தோற்றுவிக்கும் வைரசும் பற்றீரியாவைவிடப் பல மடங்கு சிறியவை. திரளில் ஒட்டினால் படியும், ஒட்டாவிட்டால் நீரோடு போய்விடும். நோரோ வைரசில் சில பத்துத் துகள்களே ஒருவரை நோயாளியாக்கப் போதும். வட்டப்புழுவின் முட்டை இதற்கு நேர்மாறு: பருமனானது, நீரைவிடப் பாரமானது, எளிதில் படிந்துவிடும். படிந்த முட்டை சாவதில்லை. சேற்றில் உயிரோடு காத்திருக்கும். ஒவ்வொரு வகைக் கிருமிக்கும் வேறு வழி வேண்டும் என்பதால்தான், ‘கிருமி நீங்கும்’ என்று ஒரே சொல்லில் விற்பனையாளர் சொல்லும்போது எந்தக் கிருமி, எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

விடுதி நடத்துபவர் எழுதியது:

நான் அந்த விடுதிக்காரர் அல்லன். ஆனால் அதே கரையில் சிறிய விடுதி ஒன்றை நடத்துகிறேன். நாங்கள் பணம் செலவழித்துச் சுத்திகரிப்பு அலகு பொருத்தும்போதும் அயலவர் சந்தேகிப்பது மனவருத்தம் தருகிறது. வெறும் குழியைவிட இது எத்தனையோ மடங்கு மேல் அல்லவா? சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்துக்காகக் கேட்கப்படும் அளவுகளை எட்டினால் போதாதா? பொறியியலாளர் ஐயா சொல்லும் அளவுக்குக் கிருமியையும் நீக்குவதென்றால் சிறிய விடுதிகள் மூடத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் கேட்க விரும்புகிறேன். எங்களுக்குச் சுற்றுலாப் பருவம் சித்திரை முடிவிலிருந்து புரட்டாதி வரைதான். வாடைக்காற்றும் மழையும் தொடங்கினால் அறைகள் வெறுமையாகிவிடும். அந்த மாதங்களில் அலகு என்ன ஆகும்? விற்பவர் இதைப்பற்றி எதுவும் சொல்லவில்லை.

ஓய்வுற்ற பொறியியலாளர் எழுதியது:

தம்பி, உங்கள் மனவருத்தம் எனக்கு விளங்குகிறது. வெறும் குழியைவிட மேல் என்பது முற்றிலும் உண்மை. செப்டிக் தாங்கி பீ.ஓ.டீ.யில் பாதிக்கும் குறைவாகவே நீக்குகிறது. கிருமியில் மிகச் சொற்பமே. விடுதிக்காரர் பணம் போட முன்வந்திருக்கும்போது அந்தப் பணம் சரியான இடத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு எழுதுகிறேன்.

பருவத்தைப் பற்றி நீங்கள் கேட்டதுதான் இந்த இழையில் இதுவரை வந்த மிக முக்கியமான கேள்வி. காற்றூட்டும் தாங்கியில் இருப்பவை உயிர்கள். நாள்தோறும் உணவு வேண்டும். கார்த்திகையில் விருந்தினர் நின்றுவிட்டால் அவை பட்டினி கிடந்து, தம் உடலையே எரித்துச் சுருங்கும். பருவம் தொடங்கும்போது ஒரே வாரத்தில் அறைகள் நிரம்பும். தாங்கியிலோ போதிய சேறு இராது. சேதனப் பொருளை உண்பவை சில மணிநேரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் என்பதால் விரைவில் மீளும். அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றும் வேலையைத் தொடங்கிவைக்கும் நைத்திரோசோமோனாசு போன்ற பற்றீரியாக்கள் மிக மெதுவாகப் பெருகுபவை. அவை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். விடுதி நிறைந்து வழியும் முதல் வாரங்களில் அலகு அரைகுறையாகவே வேலை செய்யும் என்று பொருள். இயங்கும் வேறொரு நிலையத்திலிருந்து பவுசரில் சேறு கொண்டுவந்து விதைத்தால் இந்தக் காலம் குறையும்.

மின்சாரம் அடுத்தது. 2022 இல் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின் வெட்டிய காலத்தை யாரும் மறந்திருக்கமாட்டோம். காற்று நின்று சில மணிநேரத்தில் தாங்கியில் ஒட்சிசன் தீர்ந்து, பழுப்புச் சேறு கறுத்து, அழுகிய முட்டை மணம் வரும். நல்ல சேறு மழை நனைத்த மண்ணின் மணம் உள்ளது. அந்த மண்மணம் மாறியவுடனேயே இயக்குபவர் எழுந்து ஓட வேண்டும். விடுதிகளில் இந்த வேலை பெரும்பாலும் தோட்டக்காரரிடம் விடப்படுகிறது. அவருக்கு ஒரு லீற்றர் அளவுருளையும் அரைமணி நேரப் படிவுச் சோதனையும் கற்றுக்கொடுத்தால் போதும், பாதிப் பிரச்சினை தீரும். தாங்கியின் கலவையை உருளையில் ஊற்றி அரைமணி வைத்துப் பார்த்தால், சேறு அடியில் இறங்கி மேலே தெளிந்த நீர் நிற்க வேண்டும். அது இறங்காமல் உருளையை நிரப்பிக்கொண்டே நின்றால் இழை வகைப் பற்றீரியாக்கள் மிஞ்சிவிட்டன, அடுத்தது சேறு வழிந்து குழிக்குள் போவதுதான்.

இவ்வளவும் சொன்னபின் என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். நமக்கு ஆண்டு முழுவதும் வெயிலும் 27, 28 பாகை வெப்பமும் இருக்கின்றன. குளிர்நாடுகளில் இடமில்லாமலும் வெப்பமில்லாமலும் வளர்ந்த இயந்திர முறையைத் தனியாகப் பிடித்துக்கொண்டு, இந்த இரண்டையும் வீணாக விடுகிறோம். கிருமியைக் கொல்வதில் வெயிலுக்கு நிகர் குறைவு. தென்னாபிரிக்க ஆய்வாளர் மராய்ஸ் 1974 இல் தந்த சமன்பாட்டின்படி, குளத்தில் மலப் பற்றீரியா இறக்கும் வேகம் ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. ஒவ்வொன்றிலும் ஐந்து நாள் நீர் தங்கும் மூன்று ஆழமற்ற குளங்களைத் தொடராக வைத்து நானே கணக்கிட்டுப் பார்த்தேன். உள்ளே ஒரு கோடி வந்தால், 20 பாகையில் ஏறக்குறைய 3,600 எஞ்சுகின்றன. 27 பாகையில் நூற்றுப்பத்து மட்டுமே. நேரடியாக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நீர் குறுக்கே ஓடிவிட்டால் இந்தக் கணக்கு எட்டாது. அதனால் தடுப்புகள் வைத்து நீரை வளைத்து ஓடச் செய்ய வேண்டும். ஆனாலும் காற்றூட்டும் அலகு மட்டும் விடும் இலட்சத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இருபது அறை, நாற்பது விருந்தினர், ஆளுக்கு 200 லீற்றர் என்றால் நாளுக்கு எட்டுக் கனமீற்றர். பதினைந்து நாள் தங்க 120 கனமீற்றர் கொள்ளளவு வேண்டும். ஒரு மீற்றர் ஆழத்தில் அது 120 சதுரமீற்றர். ஏறக்குறைய ஐந்து பேர்ச். விடுதியின் பின்வளவில் ஐந்து பேர்ச் பெரிய இடமா என்பதை நீங்களே சொல்லுங்கள். மணல் நிலமாகையால் அடியில் தடித்த பொலித்தீன் விரிப்பு கட்டாயம்; இல்லாவிட்டால் குளம் கசிந்து, நாம் தடுக்க நினைத்ததே நடக்கும்.

சுகாதாரப் பரிசோதகர் எழுதியது:

ஐயாவின் கணக்கை மதிக்கிறேன். ஆனால் விடுதிகளின் நடுவே திறந்த குளம் என்றால் முதலில் என்னிடம்தான் முறைப்பாடு வரும். அழுக்கு நீரில் பெருகும் கியூலெக்ஸ் நுளம்பு சிறிய குளத்தின் ஓரப் புற்களிலேயே பெருகிவிடும். ஓரத்தைச் சீமெந்தால் கட்டி, புல் முளைக்கவிடாமல் பார்த்துக்கொண்டால் கட்டுப்படுத்தலாம். ஆனால் பருவமில்லாத மாதங்களில் பார்ப்பவர் யார்? சிறிய இடங்களுக்கு நான் பரிந்துரைப்பது வேறு. காற்றூட்டும் அலகுக்குப் பின் சரளைக்கல் படுக்கை ஒன்றை அமைத்து, அதில் சம்பும் கல்வாழையும் நட்டு, நீரைக் கல்லின் மேலே தெரியாமல் அடியிலேயே ஓடவிடுங்கள். மேற்பரப்பில் நீர் இல்லாததால் நுளம்புக்கு வழியில்லை. அதன்பின் மெதுவாக வடிக்கும் மணல் வடிகட்டி. கடைசியில் கிருமிகொல்லும் படி ஒன்று.

அந்தக் கடைசிப் படியில் பலர் குளோரின் போடுகிறார்கள். அலகு அமோனியாவை மாற்றாமல் விட்டால், குளோரின் முதலில் அமோனியாவோடு சேர்ந்து வலுக்குறைந்த குளோரமீனாகிவிடும். பற்றீரியாவைக் கொல்ல எஞ்சுவது குறைவு. சேற்றுத் துகளுக்குள் ஒளிந்துள்ளவற்றையும் அது எட்டாது. வட்டப்புழு முட்டையை ஒன்றும் செய்யாது. முன்னைய படிகள் சரியாக இயங்கினால் மட்டுமே கடைசிப் படி இயங்கும். புற ஊதாக் கதிர் விளக்குக்கும் இதே விதிதான்: நீர் மங்கலானால் கதிர் ஊடுருவாது.

இனி உறிஞ்சு குழி. உப்புவெளி வாசி எழுதியதில் என்னை மிகவும் உறுத்தியது அதுவே. குழிக்கும் நிலநீருக்கும் இடையே உலர்ந்த மணல் இருக்கும்வரை, அந்த மணலில் காற்றும் உயிர்ப்படலமும் இருந்து கிருமிகளைப் பெருமளவு பிடித்து வைக்கும். மாரியில் நீர்மட்டம் ஏறிக் குழியின் அடி நீருக்குள் மூழ்கிவிட்டால் அந்த வடிகட்டி இல்லை. குழிநீரும் கிணற்றுநீரும் ஒரே நீர். கிணற்றுக்கு ஐம்பது அடி என்று வழக்கமாகச் சொல்லப்படும் இடைவெளி கோடையில் போதுமானதாகத் தோன்றினாலும், பருமணலில் மாரியில் அதை நான் நம்பமாட்டேன். குழியை விட்டுவிட்டு, தரைமட்டத்துக்கு மேல் உயர்த்திய மணல் மேட்டில் நீரைப் பரப்பி விடுவது நல்லது. அப்போது மாரியிலும் உலர்மணல் கிடைக்கும்.

திருக்கடலூர் மீனவன் எழுதியது:

எங்கள் பக்கத்தில் சிலர், குழாய் போட்டுக் கடலில் விட்டால் எல்லாம் கரைந்துவிடும் என்கிறார்கள். கொழும்பில் வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் கடலுக்குள் நீண்ட குழாய் போட்டு விடுகிறார்கள்தானே என்று கேட்கிறார்கள். நான் இதை ஏற்கவில்லை, ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை.

நிலாவெளி மாணவி எழுதியது:

அண்ணா, கொழும்பின் குழாய்கள் திறந்த பெருங்கடலுக்குள் வெகுதூரம் செல்வன. நம் பக்கத்தின் பெரும்பகுதி குடாக்களும் பவளப்பாறைகளும். கொட்டியாரக்குடாவிலோ தம்பலகாமக் குடாவிலோ நீர் அவ்வளவு விரைவாக மாறுவதில்லை. அங்கே எடுக்கும் மட்டி, தன் உணவுக்காக நாள்முழுதும் நீரை வடித்துக்கொண்டே இருப்பது; நீரில் சிதறியிருந்த வைரசு அதன் உடலில் திரண்டு சேரும். சரியாக வேகவைக்காமல் உண்டால் செங்கண்மாரி வரக்கூடும்.

புறாத்தீவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட அந்தத் தீவின் பவளங்கள் நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரத்திலேயே இருக்கின்றன. பவளம் வாழ்வது நைதரசனும் பொசுபரசும் மிகக் குறைந்த தெளிந்த நீரில். அவை கூடினால் பாசி வளர்ந்து பவளத்தை மூடும். காற்றூட்டும் அலகு அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றினாலும் நைதரசன் நீரிலேயே இருக்கிறது, வடிவம்தான் மாறுகிறது. அதை வாயுவாக்கிக் காற்றில் விட, ஒட்சிசன் இல்லாத தாங்கி ஒன்றை முன்னால் வைத்து, நைத்திரேற்று நிறைந்த நீரைத் திருப்பி அனுப்ப வேண்டும். அங்கே பற்றீரியாக்கள் ஒட்சிசனுக்குப் பதிலாக நைத்திரேற்றிலிருந்து மூச்செடுத்து நைதரசன் வாயுவை விடும். இதே நைத்திரேற்று மணலில் தடையின்றி ஓடிக் கிணற்றையும் அடையும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்ததை நாம் அறிவோம். குடிநீருக்கான வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம், அதைத் தாண்டிய நீர் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து.

கிண்ணியா விவசாயி எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். இவ்வளவு பேரும் நீரைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். சேறு எங்கே போகிறது? பவுசர்க்காரர் சிலர் தென்னந்தோட்டத்தில் கொட்டித் தரட்டுமா, இலவச பசளை என்று கேட்கிறார்கள். தென்னைக்கு நல்லதுதான் என்று சொல்பவர்களும் உண்டு. எதை நம்புவது?

ஓய்வுற்ற பொறியியலாளர் எழுதியது:

வ அலைக்கும் ஸலாம். நீங்கள் கேட்டிருக்காவிட்டால் இந்த இழை பாதியில் நின்றிருக்கும்.

சுத்திகரிப்பு என்பது அழுக்கை முற்றாக மறையச் செய்வதன்று. அதில் ஒரு பெரும் பகுதியை நீரிலிருந்து பிரித்துச் சேற்றில் சேர்ப்பது. நீர் எவ்வளவு நன்றாகத் தெளிகிறதோ அவ்வளவுக்குச் சேறு நச்சாகிறது. ஒரு பெண் வட்டப்புழு நாளுக்கு இரண்டு இலட்சம் முட்டை வரை இடும். படிந்த முட்டைகளெல்லாம் பவுசருக்குள்தான் இருக்கின்றன. தோட்டத்து ஈர மண்ணில், நிழலில் அவை மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். அதே மண்ணில் விளையாடும் பிள்ளை கையைக் கழுவாமல் வாயில் வைத்தால் முடிந்தது. செப்டிக் தாங்கியிலிருந்து உறிஞ்சிய கசடு, கழிவுநீரைவிடப் பத்து மடங்கும் அதற்கு மேலும் செறிவானது. பச்சையாக இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

ஆனால் பதப்படுத்திய சேறு உண்மையில் நல்ல பசளையே. அதற்கு இரண்டு வழிகள் நிச்சயமாகப் பலன் தருவன. மணல் படுக்கையில் பரப்பி வெயிலில் காயவைத்து, அதன்பின் மழைபடாமல் ஓராண்டுக்கு மேல் சேமித்து வைப்பது ஒன்று. 20 பாகைக்கு மேற்பட்ட நாடுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2006 இல் சொன்ன வழி இது. மற்றது, வைக்கோல், இலைகுழை, சந்தைக் கழிவு ஆகியவற்றோடு கலந்து குவித்து மக்கச் செய்வது. குவியலின் உள்ளே 55 பாகையை எட்ட வேண்டும். திறந்த குவியலாயின் அந்த வெப்பத்தில் பதினைந்து நாள் நின்று, அதற்குள் ஐந்து முறையாவது புரட்டப்பட வேண்டும். வெளிப்புறத்தில் இருந்தது உள்ளே போனால்தான் அங்கிருந்த முட்டையும் சாகும். நீண்ட காம்புள்ள வெப்பமானி ஒன்றைக் குத்திப் பார்க்காமல் ‘மக்கிவிட்டது’ என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

விடுதிகளுக்கும் இதையே சொல்கிறேன். அலகு வாங்கும்போது மிகைச் சேறு எவ்வளவு வரும், யார் எடுத்துச் செல்வார், எங்கே கொட்டுவார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். சேற்றை எடுக்கச் செலவாகும் என்று தள்ளிப்போடும் இடங்களில் என்ன நடக்கும் என்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்: சேறு தாங்கியில் மிஞ்சி, ஒரு நாள் படிவுத் தாங்கியின் விளிம்பைத் தாண்டி, மொத்தமாக உறிஞ்சு குழிக்குள் போய், குழியின் மணலை அடைத்துவிடும். நாட்டில் குழாய்வழிக் கழிவகற்றல் வசதி பெற்றவர்கள் நூற்றுக்கு ஓரிருவரே. மற்றவர்களின் தாங்கியும் குழியும் நிரம்பினால் அந்தக் கழிவு பவுசரில்தான் பயணிக்கிறது. ஆகவே திருகோணமலைக்கு முதலில் வேண்டியது, கரையோர விடுதிகள் ஒவ்வொன்றிலும் ஓர் இயந்திரம் அல்ல. பவுசர்கள் சட்டப்படி கொண்டுவந்து இறக்கக்கூடிய, குளங்களும் உலர் படுக்கைகளும் கொண்ட ஒரு பொது இடம். அந்த இடம் இல்லாதவரை எந்த விடுதியின் சுத்திகரிப்பும் முழுமையடையாது. இதை நான் உறுதியாகவே சொல்கிறேன்.

விடுதி நடத்துபவர் எழுதியது:

ஐயா, அப்படி ஒரு பொது இடம் அமையுமானால் அதற்குக் கட்டணம் செலுத்த நானும் என் அயல் விடுதிக்காரர் பலரும் ஆயத்தம். இப்போது பவுசருக்குக் கொடுக்கும் பணம் எங்கே போய் முடிகிறது என்று எங்களுக்கே தெரியாது. சரளைப் படுக்கைக்கும் உயர்த்திய மணல் மேட்டுக்கும் இடம் என்னிடம் உண்டு. சரளைப் படுக்கைக்கு மின்சாரம் வேண்டாம் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். சமையலறை எண்ணெய்ப் பொறியைப் பற்றி யாரும் எழுதவில்லையே?

ஓய்வுற்ற பொறியியலாளர் எழுதியது:

கட்டாயம் வேண்டும், தம்பி. எண்ணெய் சரளைக்குள் போனால் படுக்கை அடைபட்டுவிடும். பிறகு கல்லையெல்லாம் வெளியே எடுத்துக் கழுவ வேண்டிவரும். பொறியைச் சமையலறைக்கு அருகிலேயே வைத்து வாரந்தோறும் மேலே மிதப்பதை அள்ளுங்கள்.

உப்புவெளி வாசி எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. விடுதிக்காரருக்கு இந்த இழையைக் காட்டினேன். உறிஞ்சு குழியை விட்டுவிட்டு மணல் மேடு அமைப்பதைப் பற்றி விற்பவரிடம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். பிரதேச சபைக்கு ஒழுங்கை மக்கள் சேர்ந்து ஒரு கடிதமும் எழுதுகிறோம். பவுசர் இறக்கும் இடத்தைப் பற்றி அதில் கேட்கிறோம். கிணற்று நீரைப் பரிசோதிக்கக் கொடுக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். எப்போது, எப்படி எடுப்பது?

சுகாதாரப் பரிசோதகர் எழுதியது:

புதிய அறைகள் திறப்பதற்கு முன்பே ஒருமுறை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் வரும் மாற்றத்தை எதனோடும் ஒப்பிட முடியாது. மாரியில் நீர்மட்டம் உச்சத்தில் இருக்கும்போது ஒருமுறையும், பருவத்தில் விடுதி நிரம்பியிருக்கும்போது ஒருமுறையும் எடுங்கள். விடுதிக்குக் கீழ்ப்பக்கக் கிணறு ஒன்றோடு மேட்டுப் பக்கக் கிணறு ஒன்றிலும் எடுக்க வேண்டும். அங்கேயும் கிருமி இருந்தால் காரணம் அந்த விடுதி மட்டுமன்று, உங்கள் சொந்த மலக்குழிகளாகவும் இருக்கலாம்.

கோலிபோம், மல மாசைக் காட்டும் ஈ.கோலை, அமோனியா, நைத்திரேற்று ஆகிய நான்கையும் கேளுங்கள். ஆய்வுகூடம் தரும் கிருமி நீக்கிய போத்தலையே பயன்படுத்துங்கள். அதைக் கழுவக் கூடாது, மூடியின் உட்புறத்தில் விரல் படக் கூடாது. வாளியில் அள்ளி ஊற்றாமல், போத்தலைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் நேரடியாக இறக்குங்கள். கிணற்றில் அண்மைக்காலத்தில் குளோரின் போட்டிருந்தால் அதை ஆய்வுகூடத்தில் முன்கூட்டியே சொல்லுங்கள். குளோரினை முறிக்கும் தயோசல்பேற்று இட்ட போத்தல் தருவார்கள். எடுத்தவுடன் ஐஸ் பெட்டியில் இருட்டில் வைத்து, ஆறு மணிநேரத்துக்குள் ஆய்வுகூடத்தில் சேர்ப்பியுங்கள். காலையில் எடுத்தால் அதே நாளில் வேலையைத் தொடங்கிவிடுவார்கள். வெள்ளிக்கிழமையில் மட்டும் கொண்டுபோக வேண்டாம்.